வேக ஒளிப்படத்திற்கான டி.எஸ்.எல்.ஆர். கேமராத் தேர்வு: மதுரை வட்டார நிகழ்வுகளை முன்வைத்து

வேக ஒளிப்படம் என்பது ஓடுகிற, பாய்கிற, தாவுகிற ஒன்றை அதன் வேகம் புலப்படும்படி ஒரே நிலைப்படத்தில் பதிவு செய்வதாகும். விளையாட்டு, விலங்குகள், பறவைகள், திருவிழாக்கள் ஆகியவை இதன் களங்கள். இதற்கு எல்லாக் கேமராவும் பொருந்தாது. வீட்டு விழாவில் அழகான படம் தரும் கேமரா, வாடிவாசல் முன்னால் கலங்கிய படங்களையே தரக்கூடும். இக்கட்டுரை மதுரையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய படங்களுக்கு டி.எஸ்.எல்.ஆர். கேமராவையும் லென்ஸையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை விளக்குகிறது.

மதுரையில் இதற்கான வாய்ப்புகள் ஏராளம். தை முதல் நாள் அவனியாபுரத்திலும், இரண்டாம் நாள் பாலமேட்டிலும், மூன்றாம் நாள் அலங்காநல்லூரிலும் வழக்கமாக ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று தனி ஏறுதழுவுதல் அரங்கமும் திறக்கப்பட்டது. சித்திரை முழுநிலவு நாளின் அதிகாலையில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். கிராமங்களில் மாட்டுவண்டிப் பந்தயம், இரவு நேரக் கபடி, நகரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துத் தடகளமும் ஹாக்கியும் உண்டு. இவற்றைப் படமெடுத்துத் தொழிலாகக் கொள்ளலாம் என்ற ஆசையில் தவணைக் கடனுக்குக் கேமரா வாங்கும் இளைஞர்கள் பலர். வாங்கிய பின்புதான் பலருக்குத் தெரிகிறது, பணம் போக வேண்டிய இடம் வேறு என்று. அந்த இடம் எது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

முதலில் களத்தை அளக்க வேண்டும்

கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம்? அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும்? நிகழ்ச்சி எத்தனை விநாடி நீடிக்கும்?

வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். கணக்கிற்கு வசதியான எண் இது. விநாடிக்குச் சரியாக 10 மீட்டர். முதல் 15 மீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றரை விநாடி போதும். வீரர் திமிலைப் பற்றுவதும் தவறவிடுவதும் பெரும்பாலும் அதற்குள் நடந்துவிடும்.

ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால் அந்த நேரத்தில் காளை 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கொம்பு ஒரு புகைக் கோடாகத்தான் தெரியும். 1/250 விநாடி என்றால் 4 சென்டிமீட்டர். 1/1000 விநாடி என்றால் 1 சென்டிமீட்டர். இது கண்ணுக்குக் கூர்மையாகவே தோன்றும். காளை நேராக நம்மை நோக்கி வந்தால் பக்கவாட்டு நகர்வு குறைவு என்பதால் 1/640 கூடத் தாங்கும். ஆனால் கால்களும் தெறிக்கும் மண்ணும் உடலைவிட வேகமாக நகர்பவை. ஆகவே 1/1000 என்பதை அடித்தளமாகக் கொள்வது நல்லது. பாயாமல் களத்திலேயே சுற்றிச் சுழன்று ‘நின்று விளையாடும்’ மாடுகளும் உண்டு. மாடுபிடி வீரர்களுக்கு அவை சோதனை; படமெடுப்பவருக்கு அவையே வரம்.

கண்ணாடியும் காலதாமதமும்

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே அனுப்ப, ஐங்கோணப் பட்டகமோ கண்ணாடித் தொகுதியோ அதைத் திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. நாம் பார்ப்பது உண்மையான ஒளி. திரையில் தோன்றும் மறுபதிப்பு அல்ல. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்கி, ஷட்டர் திறந்து, ஒளி சென்சார் மீது விழுகிறது. கண்ணாடி மேலே இருக்கும் அந்தச் சிறு நேரத்தில் பார்வைத் துளை இருண்டுவிடும்.

பொத்தானை அழுத்துவதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே ஒரு தாமதம் இருக்கிறது. தொடக்கநிலைக் கேமராக்களில் அது ஏறத்தாழ 0.1 விநாடி, உயர்தரக் கேமராக்களில் அதில் பாதிக்கும் குறைவு. 0.1 விநாடியில் நம் காளை ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். ஆனால் இதைவிடப் பெரிய தாமதம் நம்மிடமே உள்ளது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. அதற்குள் காளை இரண்டு மீட்டர் போய்விடும். எத்தனை இலட்சம் கொடுத்தாலும் இந்த 0.2 விநாடியைக் கடையில் வாங்க முடியாது. மாடு எப்படித் தலையைத் தாழ்த்தும், எப்போது உதறும் என்பது தெரிந்த உள்ளூர்ப் பையன் சாதாரணக் கேமராவில் எடுக்கும் படம், வெளியூரிலிருந்து விலையுயர்ந்த கருவியோடு வந்தவர் எடுத்ததைவிடச் சிறப்பாக அமைவது இதனால்தான்.

விலங்கின் ஓட்டத்தை ஒளிப்படமாக்கும் முயற்சி புதிதல்ல. 1878 ஜூன் மாதம் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர், ஓடுபாதையை ஒட்டி 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை ஓடும்போதே ஒவ்வொரு கேமராவின் ஷட்டரும் அடுத்தடுத்து இயங்கும்படி செய்தார். அதுவரை ஓவியர்கள், பாயும் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னும் நீட்டியபடி காற்றில் பறப்பதாகத் தீட்டிவந்தனர். குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான், ஆனால் அப்போது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்று படங்கள் காட்டின. மைபிரிட்ஜுக்கு 12 கேமராக்கள் தேவைப்பட்டன. இன்று ஒரே கேமரா விநாடிக்கு 10 படம் எடுக்கிறது.

தானியங்கிக் குவியம்: விலை வேறுபாட்டின் உண்மையான காரணம்

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் எண்ணிக்கை. வேக ஒளிப்படத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. 20 மெகாபிக்சல் நாளிதழுக்கும் பெரிய அச்சுக்கும் போதும். உண்மையான வேறுபாடு, நகரும் பொருளைக் கேமரா எவ்வளவு நன்றாகக் குவியத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் முதன்மைக் கண்ணாடியின் நடுப்பகுதி ஓரளவு ஒளியை ஊடுருவ விடும். அவ்வொளியைப் பின்னாலுள்ள இன்னொரு சிறு கண்ணாடி கீழே திருப்பி, கேமராவின் அடிப்பகுதியிலுள்ள குவியச் சென்சாருக்கு அனுப்புகிறது. அந்தச் சென்சார், லென்ஸின் இரு எதிர்ப் பகுதிகள் வழியே வரும் ஒளியைத் தனித்தனியே பார்க்கிறது. நம் இரு கண்கள் தூரத்தை உணர்வது போல, இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து, குவியம் எந்தப் பக்கம், எவ்வளவு தவறியிருக்கிறது என்பதை ஒரே அளவீட்டில் கணிக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடி அலைய வேண்டியதில்லை.

கண்ணாடி மேலே போனதும் குவியச் சென்சாருக்கு ஒளி கிடைக்காது. ஆகவே கேமரா முன்கூட்டியே ஊகிக்கிறது. முந்தைய அளவீடுகளிலிருந்து பொருளின் வேகத்தைக் கணித்து, ஷட்டர் திறக்கும்போது அது எங்கே இருக்கும் என்று லென்ஸை நகர்த்தி வைக்கிறது. இதைக் கேனன் ‘ஏ.ஐ. சர்வோ’ என்றும் நிக்கான் ‘ஏ.எஃப்-சி’ என்றும் அழைக்கின்றன. எல்லாக் கேமராவிலும் இந்த வசதி உண்டு. கணிப்பின் தரம்தான் மாறுபடும்.

அடுத்து, குவியப் புள்ளிகள். செங்குத்து, கிடை என இரு திசைக் கோடுகளையும் உணர்பவை சிலுவைவகைப் புள்ளிகள். ஒரு திசையை மட்டும் உணர்பவை சாதாரணப் புள்ளிகள். கேனன் 1500டி-யில் 9 புள்ளிகள். நடுவிலுள்ள ஒன்று மட்டுமே சிலுவைவகை. நிக்கான் டி3500-இல் 11 புள்ளிகள். அதிலும் நடுப்புள்ளி மட்டுமே அவ்வகை. நிக்கான் டி7200-இல் 51-க்கு 15. கேனன் 80டி-யில் 45. கேனன் 7டி மார்க் 2-இல் 65 புள்ளிகளும் சிலுவைவகையாகச் செயல்படக்கூடியவை. நிக்கான் டி500-இல் 153 புள்ளிகள், அவற்றில் 99 சிலுவைவகை. இந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

களத்தில் இதன் பொருள் என்ன? தொடக்கநிலைக் கேமராவில் நடுப்புள்ளியை மட்டுமே நம்ப முடியும். காளையின் முகத்தை எப்போதும் சட்டத்தின் நடுவிலேயே வைத்து எடுத்து, பிறகு வேண்டாத பகுதியை வெட்டிக்கொள்ள வேண்டும். இது இழப்புதான், ஆனால் இயலாத ஒன்றல்ல. காரிக்காளையின் வழவழப்பான கறுப்பு உடலில் குவியச் சென்சார் பற்றிக்கொள்ள விளிம்பே கிடைக்காது. மூக்கணாங்கயிற்றையோ கொம்பின் அடியையோ குறிவைத்தால் சட்டெனப் பிடித்துக்கொள்ளும். மயிலைக்காளைக்கு இந்தத் தொல்லை குறைவு. கறுப்பு மாடு சட்டத்தை நிறைத்தால் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி மண்ணையும் வானத்தையும் வெளுத்துவிடும். மயிலை வந்தால் எதிர்ப்பக்கம் தவறும். எனவே வெளிச்ச அளவைக் கையால் ஒருமுறை அமைத்துவிட்டு, மாட்டின் நிறத்திற்கேற்ப மாற்றாமல் விடுவதே நல்லது.

இன்னொரு தொல்லை, குறுக்கே ஓடும் வீரர்கள். காளைக்கும் நமக்கும் நடுவே ஒருவர் கடந்தால், குவியம் காளையை விட்டு அவர் முதுகுக்குத் தாவிவிடும். இடைப்பட்ட உருவத்தைச் சிறிது நேரம் பொருட்படுத்தாமல் இருக்கும்படி அமைக்கும் வசதி 7டி மார்க் 2, டி500 போன்றவற்றில் உண்டு. 1500டி போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் இல்லை. என்னைக் கேட்டால், விநாடிக்கு எத்தனை படம் என்பதைவிட இந்த ஒரு வசதிக்கே கூடுதல் விலை கொடுக்கலாம்.

லென்ஸ்: பணம் போக வேண்டிய இடம்

சென்சாரில் விழும் உருவத்தின் அளவைக் காண ஒரு வாய்பாடு உண்டு. குவியத் தூரத்தைப் பொருளின் நீளத்தால் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் தூரத்தில் 2 மீட்டர் நீளமுள்ள காளை நிற்கிறது என்று கொள்வோம். கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸை 55-இல் வைத்தால், சென்சாரில் காளையின் உருவம் 3.7 மி.மீ. இருக்கும். 200 மி.மீ. லென்ஸில் 13.3 மி.மீ. 300 மி.மீ. லென்ஸில் 20 மி.மீ. இவ்விலைக் கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி வகைச் சென்சாரின் அகலம், கேனனில் 22.3 மி.மீ., நிக்கானில் ஏறத்தாழ 23.5 மி.மீ. அதாவது 55-இல் காளை சட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. 300-இல் கிட்டத்தட்ட முழுச் சட்டம். கீழக்கரை அரங்கம் போன்ற இடத்தில் மேல்வரிசையில் இடம் கிடைத்தால் தூரம் இன்னும் கூடும்.

முழுச்சட்டக் கேமராவின் சென்சார் அகலம் 36 மி.மீ. அதே 300 மி.மீ. லென்ஸில் அதே காளை அதில் பாதியைவிடச் சற்றே கூடுதலான இடத்தைத்தான் நிரப்பும். தூரத்துப் பொருளை எடுப்பவருக்குச் சிறிய சென்சார் குறை அல்ல. விலையுயர்ந்த முழுச்சட்டக் கேமரா வாங்க முடியவில்லையே என்று வருந்தும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீண்ட லென்ஸுக்கு இன்னொரு பயனும் உண்டு. எனக்கு அதுவே முதன்மையானது. ஜல்லிக்கட்டில் காயமடைபவர்களும் உயிரிழப்பவர்களும் மாடுபிடி வீரர்கள் மட்டுமல்லர். களத்தை விட்டு வெளியேறும் காளைகளை உரிமையாளர்கள் பிடிக்கும் இடத்திலும், அவை ஓடும் பாதையிலும் பார்வையாளர்கள் குத்துப்பட்டு இறந்த நிகழ்வுகள் பல ஆண்டுகளில் நடந்துள்ளன. 55 மி.மீ. லென்ஸில் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் காளைக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். நாம் கொண்ட வேகத்தில் அது அரை விநாடித் தூரம். 300 மி.மீ. லென்ஸில் தடுப்புக்கு வெளியே, உயரத்தில் நின்றுகொண்டே அதே படத்தை எடுக்கலாம். பார்வைத் துளைக்குள் ஒரு கண்ணை வைத்திருப்பவருக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் மாடு தெரியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, வெளிச்சம். நல்ல வெயிலில் எஃப்/16 துளையில் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழே ஷட்டர் வேகம் என்பது பழைய பிலிம் காலத்து விதி. ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100. துளையை எஃப்/5.6-க்குத் திறந்தால் எட்டு மடங்கு ஒளி, ஷட்டர் 1/800. ஐ.எஸ்.ஓ.-வை 200 ஆக்கினால் 1/1600. ஆகவே தை மாதத்து முற்பகல் வெயிலில் விலை குறைந்த 55-250 அல்லது 70-300 மி.மீ. லென்ஸே போதுமானது. காலை ஏழு மணிப் பனியிலும், மாலை நிழல் களத்தில் விழுந்த பிறகும் ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போதும் படம் கெடாது. ஜல்லிக்கட்டுக்கு இலட்ச ரூபாய் லென்ஸ் தேவை என்பது உண்மையல்ல.

கள்ளழகர் இறங்கும் வேளை வேறு. பொழுது புலராத நேரம், விளக்கு வெளிச்சம், தங்கக் குதிரை வாகனம் மக்கள் தலைகளுக்கு மேலே அசைந்து வருகிறது. காளைப் பாய்ச்சல் அளவுக்கு வேகம் இல்லையென்பதால் 1/250 போதும். அந்த வெளிச்சத்தில் எஃப்/2.8 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 3200 தேவைப்படுகிறது என்றால், எஃப்/5.6 லென்ஸுக்கு நான்கு மடங்கு, அதாவது 12,800 தேவை. தொடக்கநிலைக் கேமராவில் 12,800 என்பது புள்ளி புள்ளியாகச் சிதைந்த படம். 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை ஒளிப்படக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் இதுதான். கேனன், நிக்கான் தயாரிப்புகளைப் புதிதாக வாங்கினால் விலை ஒரு இலட்சத்தைத் தாண்டும். எடை ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். ஒரு நாள் திருவிழாவிற்காக அதைச் சொந்தமாக வாங்குவது வீண் செலவு. வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கிராமத்து இரவுக் கபடிக்கு நல்லவேளையாக மலிவான வழி இருக்கிறது. ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கோட்டோரம் அமர்ந்தால் ஆட்டம் பெரும்பாலும் 7 மீட்டருக்குள் நடக்கிறது. அந்தத் தூரத்தில் 1.7 மீட்டர் உயர வீரர் 50 மி.மீ. லென்ஸில் 12 மி.மீ. உயரத்தில் விழுவார், சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 மி.மீ. கச்சிதமான பொருத்தம்! 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/5.6 லென்ஸைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றுள் அதுவும் ஒன்று. குவியம் சற்று மெதுவாக நகரும் என்பது அதன் குறை.

ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம். கோல் கோட்டருகிலிருந்து நடுக்கோடு 45 மீட்டருக்கு மேல். அங்கே 200 மி.மீ. கூடக் குறைவுதான், ஆட்டம் நம் பக்க ‘டி’ வட்டத்திற்கு வரும்வரை காத்திருப்பதே வழி.

லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு வசதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது நம் கை நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும், காளையை நிறுத்தாது. அது பயன்படும் இடம் மாட்டுவண்டிப் பந்தயம். சாலையோரம் நின்று, வண்டியின் வேகத்திலேயே கேமராவைத் திருப்பிக்கொண்டு 1/60 விநாடியில் எடுத்தால், மாடும் சாரதியும் கூர்மையாகவும் பின்னணிப் பனைமரங்கள் கோடுகளாகவும் விழும். மேல்கீழ் அசைவை மட்டும் தடுக்கும் நிலை சில லென்ஸ்களில் உண்டு. அப்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விளக்கு வெளிச்சத்தின் துடிப்பு

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல வகை விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. 1/1000 விநாடி திறக்கும் ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது இருட்டாக, அதற்கடுத்தது மஞ்சளாக விழும். கேமரா பழுது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் செல்பவர்கள் உண்டு. விளக்கு உச்சத்தில் ஒளிரும் கணத்திற்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கேனன் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொண்டுவந்தது. பின்னர் வந்த டி500, 80டி ஆகியவற்றிலும் உள்ளது. இது இல்லாத கேமராவில் ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் துடிப்பு மறையும். ஆனால் வீரரின் கை கலங்கும். இரவுக் கபடியே முதன்மைத் தொழில் என்பவர் வாங்குமுன் இந்த வசதியைச் சரிபார்க்க வேண்டும்.

விநாடிக்கு எத்தனை படம்?

விநாடிக்கு 3 படம் எடுக்கும் 1500டி-யில், நம் காளை ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 3.3 மீட்டர் கடந்துவிடும். ஒன்றரை விநாடிக்கு நான்கைந்து படங்கள். 10 படம் எடுக்கும் கேமராவில் இடைவெளி ஒரு மீட்டர், பதினைந்து படங்கள். வேறுபாடு பெரியது. ஆனாலும் தாவலின் உச்சம் என்பது 1 மீட்டர் இடைவெளியிலும் நழுவக்கூடியது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால் படம் தானே விழும் என்று இருப்பவருக்கு, நடுவான படங்கள் பதினைந்து கிடைக்கும்.

எடுத்த படங்கள் முதலில் கேமராவின் உள்நினைவகத்தில் தங்கிப் பின்னரே அட்டைக்குச் செல்கின்றன. 24 மெகாபைட் அளவுள்ள ‘ரா’ படங்கள் விநாடிக்கு 10 என்றால் விநாடிக்கு 240 மெகாபைட். பரவலாகப் பயன்படும் யு.எச்.எஸ்-1 வகை எஸ்.டி. அட்டையின் பாதையே 104 மெகாபைட்தான். ஆகவே உள்நினைவகம் நிரம்பிக் கேமரா திணறும். 7டி மார்க் 2-இல் வேகமான சி.எஃப். அட்டையில் 31 ‘ரா’ படங்கள் வரை தொடரலாம். அதாவது மூன்று விநாடி. டி500-இல் எக்ஸ்.கியூ.டி. அட்டையில் 200 வரை. ஜேபெக் வடிவில் எடுத்தால் இந்தக் கவலை பெரிதும் தீரும். செய்தித்தாளுக்கு உடனே அனுப்புபவர்கள் ஜேபெக்கையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிதா, பழையதா?

டி.எஸ்.எல்.ஆர். வகையின் வரலாறு கோடாக் நிறுவனம் 1991-இல் நிக்கான் எஃப்3 உடலைக் கொண்டு செய்த கேமராவிலிருந்து தொடங்குகிறது. 1999-இல் வந்த நிக்கான் டி1, விநாடிக்கு 4.5 படம் எடுத்துச் செய்திப் படக்காரர்களைப் பிலிமிலிருந்து நகர்த்தியது. 2020-இல் வந்த கேனன் 1டி எக்ஸ் மார்க் 3 பார்வைத் துளை வழியே 16, நிக்கான் டி6 விநாடிக்கு 14 என்று உச்சம் தொட்டன. அதன் பிறகு இந்த இரு நிறுவனங்களும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை, கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கு மாறிவிட்டன. பென்டாக்ஸ் மட்டுமே தொடர்கிறது.

கண்ணாடியில்லாக் கேமராக்களில் சில, விலங்கின் கண்ணையே அடையாளம் கண்டு தொடர்கின்றன. கையில் பணம் இருந்தால் அவையே மேல். இதில் வாதத்திற்கு இடமில்லை. ஆனால் பலர் அவற்றிற்கு மாறுவதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர். உடல்களும் லென்ஸ்களும் கைமாறும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. புதிய தொடக்கநிலைக் கேமராவுக்குக் கொடுக்கும் பணத்தில், பயன்படுத்திய 7டி மார்க் 2-ஐயோ டி7200-ஐயோ தேடுவது வேக ஒளிப்படத்திற்கு அறிவான வழி. கையிருப்பு மிகக் குறைவென்றால் பழைய தொடக்கநிலை உடலும் ஒரு 55-250 மி.மீ. லென்ஸும் வாங்கிக்கொள்ளலாம். உடலைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். லென்ஸ் தொடர்ந்து உதவும்.

பழையதை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பது. நிக்கானில் படக்கோப்பின் உள்தகவலிலேயே அந்த எண் இருக்கும். கேனனில் தனி மென்பொருள் வேண்டும். 7டி மார்க் 2, டி500 இரண்டின் ஷட்டரும் 2 இலட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டவை. ஒரு ஜல்லிக்கட்டு நாளில் 2,000 படம் எடுத்தால் 100 நாளில் அந்த அளவு முடிந்துவிடும். விளையாட்டுப் படக்காரரிடமிருந்து வரும் கேமரா வெளித்தோற்றத்தில் புதிதாக இருந்தாலும் உள்ளே தேய்ந்திருக்கலாம். அடுத்து, லென்ஸுக்குள் கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை; எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மூன்றாவது, பொருத்தம். நிக்கான் டி3500, டி5600 ஆகியவற்றின் உடலில் குவிய மோட்டார் இல்லை. ஆகவே பழைய ஏ.எஃப்-டி வகை லென்ஸ்கள், 80-200 மி.மீ. எஃப்/2.8 போன்ற நல்லவை உட்பட, அவற்றில் தானாகக் குவியாது. டி7200-இல் குவியும்.

புழுதியும் தண்ணீரும்

வாடிவாசல் மண் மிக நுண்ணியது. களத்தருகே லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் புழுதி படியும். பிறகு எல்லாப் படத்து வானத்திலும் கறுப்புப் புள்ளிகள் தெரியும். காலையில் மாட்டிய லென்ஸை மாலைவரை கழற்றாமல் இருப்பதே பாதுகாப்பு. வைகைக் கரையில் வேறு சிக்கல்: அழகர் மீது தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்குக் கேமரா ஒரு பொருட்டல்ல. 7டி மார்க் 2, டி500 போன்றவற்றின் இணைப்புகளில் ரப்பர் தடுப்பு உண்டு, 1500டி-யில் இல்லை. ஆனால் ஒரு பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

கேமராவை மார்கழிக் கடைசியில் வாங்கி நேராக அவனியாபுரம் போவது வேண்டாம். ஐப்பசிக்குள் வாங்கிவிட்டால், பழகுவதற்கு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் இருக்கிறது. மாட்டுச் சந்தை என்ற பொருள்படும் பெயர் கொண்ட அந்த இடத்தில் இன்று பாய்வது பேருந்துகள்! சாலையோரம் பாதுகாப்பாக நின்று, உங்களை நோக்கி வரும் பேருந்தின் எண்பலகையில் குவியத்தை வைத்துத் தொடர்ச்சியாக இருபது படம் எடுங்கள். கணினியில் பெரிதாக்கி, எத்தனை படத்தில் எண் தெளிவாகப் படிக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் குறைவென்றால் முதலில் குவிய அமைப்பை மாற்றிப் பார்த்து, மறுநாள் மீண்டும் எண்ணுங்கள். பழைய கேமராவை விலைபேசும்போதும் விற்பவரை அருகில் வைத்துக்கொண்டு இதே சோதனையைச் செய்யலாம்.